டாக்யார்ட் ரோடு தாண்டினால் குர்லா

எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பின் ஓரத்தில் துணி உலர்த்தும் நீலக் கிளிப் ஒன்று இன்னும் கவ்விக்கொண்டிருக்கிறது. மூடி முழுவதும் மூடிவிடாதபடி நான் மாட்டியது. மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். தூங்கினால் அதில் ஓடும் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் என் மாமனார் ரயிலை விட்டு இறங்கிவிடுவார். அவர் உட்கார்ந்திருந்தது பம்பாய்ச் செம்பூரில் எங்கள் வீட்டு இரண்டாம் மாடி பால்கனியில். அங்கே இறங்குவதற்கு இருந்தது இடுப்பளவு கைப்பிடிச் சுவரும் அதற்கு அப்பால் வெறும் காற்றும்தான். அதனால் அந்தக் கிளிப்பை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். பகலில் வீட்டில் இருந்தது அவரும் நானும் மட்டும். அவர் லேப்டாப் பக்கமே போகமாட்டார். ஆக, சட்டம் எனக்கு நானே போட்டுக்கொண்டதுதான்.

மாமனார் வேலை பார்த்த நாளெல்லாம் செம்பூரில் ஏறி வி.டி.யில் இறங்கியவர். அந்த ஸ்டேஷனுக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்தாலும் அவருக்கு அது வி.டி.தான். கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கண்ணாடி அறை கிடைக்கும் வரை உயர்ந்தவர். நெரிசலில் பேப்பரை நீளவாக்கில் மடித்து, பக்கத்து ஆள் மூக்கில் படாமல் படிக்கிற வித்தை அவருக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகும் நன்றாகவே இருந்தார். மாமியார் போன பின்புதான் ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. மனைவி இறந்தது மறந்தது, ரிட்டயர் ஆனது மறந்தது, சில நாட்களில் என்னையே மறந்தது. ரயில் மட்டும் போகவில்லை. காலையில் குளித்து, விபூதி இட்டு, சட்டையைப் பேண்டுக்குள் செருகி, சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு தடவை செம்பூர் பிளாட்பார விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி நின்றவரைத் தெரிந்தவர் பார்த்துப் பிடித்து இழுத்து வந்தார். இன்னொரு தடவை குர்லாவில் கிடைத்தார். அதற்குப் பிறகு வாசல் கதவைப் பூட்டினோம்.

பூட்டின கதவுக்குப் பின்னால் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. கத்தமாட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவையே பார்த்து நிற்பார். “போச்சு, லேட் மார்க் விழுந்தாச்சு” என்பார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பிள்ளையின் குரலில். பிறகு உள்ளங்கையால் கதவைத் தட்டத் தொடங்குவார். அந்தத் தட்டல் மத்தியானம் வரை ஓயாது. என் கணவர் காலையில் தாணேக்குப் போனால் இருட்டிய பின்தான் வருவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த எனக்கு வாரம் ஒரு தடவை கிங்ஸ் சர்க்கிள் போய்க் காய் வாங்கி, ஒரு காபியும் குடித்துவிட்டு வருவதுதான் இருந்த ஒரே ஆடம்பரம். அதுவும் நின்றது. சாவி என் இடுப்பில்தான் தொங்கியது, ஆனால் அதை எடுத்துத் திறக்க எனக்கும் வழியில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து நல்ல மருமகள் வேஷம் போட இப்போது இஷ்டமில்லை. நிறையவே வந்தது.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் மீதி புரியும். கதையும் பாட்டும் கேட்கிற ஓர் ஆப்பைச் செய்யும் கம்பெனியில் நான் டெஸ்டர். ஆப்பை நேராகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. கேட்கிறவர் திரையை அணைத்துச் சட்டைப் பையில் போடுவார், நடுவில் போன் வரும், வேறு ஆப்பைத் திறப்பார், ஹெட்செட்டைப் பிடுங்குவார். அப்போதெல்லாம் பின்னால் சத்தம் விடாமல் ஓடுகிறதா, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா, நின்றது மறுபடி கிளம்புகிறதா என்று எல்லா வகைக் கருவியிலும் பார்க்க வேண்டும். அதைத்தான் நான் நாள் முழுவதும் பார்ப்பேன். இரைச்சலுக்கு நடுவே பேச்சு கேட்கிறதா என்று பார்ப்பதற்காகக் கொடுத்திருந்த சாம்பிள்களில் ஒன்று ரயில் சத்தம். ஒரு காலை, அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அதை ஓடவிட்டேன். தட்டல் நின்றது. எட்டிப் பார்த்தேன். மாமனார் பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் குக்கர் விசில் எனக்குக் காதில் விழுந்தது.

அந்தச் சாம்பிள் சின்னது, முடிந்து முடிந்து திரும்பியது. பெரிதாக ஒன்று வேண்டும் என்று, அடுத்த சனிக்கிழமை கணவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நானே செம்பூரிலிருந்து வி.டி. வரை போனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். பெருமையாகப் போட்டேன். மாமனார் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். பால்கனி மூலையில் சுவரோடு ஒட்டி நின்று, பையால் முகத்தை மறைத்து, தலை குனிந்து, “சாரி, சாரி, கல்த்தி ஹோ கயா” என்றார். தப்பாகிவிட்டது என்கிறார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு காதைக் கொடுத்துக் கேட்டேன். வளையல் சத்தம், குழந்தைக்குப் பால் பாட்டில் தேடுகிற குரல், கிளிப்பும் பொட்டும் விற்கிறவளின் கூவல். நான் ஏறியது லேடீஸ் டப்பா. மனிதர் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்ட வெட்கத்தில் அடுத்த ஸ்டேஷனில் குதிக்கத் தயாராக நின்றார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கணவர் திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டு, ஜெனரல் பெட்டியில் போய்ப் புதிதாகப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

அதிலும் ஒரு கத்தரி போட வேண்டியிருந்தது. வி.டி. வந்தால் அவர் இறங்கிவிடுவார். மஸ்ஜித் வந்தாலே எழுந்து வாசல் பக்கம் நகர்ந்து நிற்கும் பழக்கம் அவருக்கு. அதனால் டாக்யார்ட் ரோடு தாண்டியதும் பதிவை வெட்டி, குர்லாவுக்குக் கொண்டுபோய் ஒட்டினேன். குர்லா, சூனாபட்டி, வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்ட் ரோடு, மறுபடி குர்லா. எந்த மேப்பிலும் இல்லாத ஒரு லைனை நான் போட்டேன். அது தப்பு என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் உயிரோடு, உட்கார்ந்த இடத்தில் இருந்தார்.

பிறகுதான் உண்மையான பாடு. சம்பளத்துக்குச் செய்த அதே சோதனையை வீட்டில் உயிருக்குப் பயந்து செய்ய வேண்டி வந்தது. முதலில் என் ஆண்ட்ராய்டு போன். ஆண்ட்ராய்டு பின்னணியில் சத்தம் ஓடுவதைத் தடுப்பதில்லை, ஆனால் சத்தத்தை ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் கொடுக்கும். போன் அடித்தால் ரயில் வாயை மூடிக்கொள்ளும், பேசி வைத்ததும் மறுபடி கிளம்பும். அது பரவாயில்லை. ஆனால் போனைத் தயாரித்த கம்பெனிக்காரன் பாட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று தன் பங்குக்கு ஒரு காவல்காரனை உள்ளே வைத்திருந்தான். திரை அணைந்து கொஞ்ச நேரமானால், பின்னால் ஓடுகிற ஆப்பைக் கேட்காமல் கொள்ளாமல் முடித்துவிடுவான். அப்படி முதல் தடவை நின்றபோது எட்டிப் பார்த்தேன். மாமனார் அசையவில்லை. கழுத்தை நீட்டி வெளியே பார்த்தார். “சிக்னல் கெடைக்கலை” என்று யாருக்கோ சொன்னார். பம்பாய் ஆளுக்கு ரயில் நடுவழியில் நிற்பது புதிதா என்ன. நான் ஓடிப்போய் மறுபடி தட்டிவிட்டேன், வண்டி கிளம்பியது.

இரண்டாவது தடவை நான் மீட்டிங்கில் இருந்தேன், கவனிக்கவில்லை. வந்து பார்த்தால் மாமனார் பேண்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. பையை முதுகுப் பக்கம் தள்ளியிருந்தார். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டால் இந்த ஊரில் என்ன செய்வார்கள்? கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகக் குதித்துத் தண்டவாளத்தோடு வரிசையாக நடந்து போய்விடுவார்கள். அவர் அப்படி எத்தனை மழை நடந்திருப்பாரோ. நல்ல வேளை, அன்றைக்கு அவர் கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. முன்னால் ஆள் இறங்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். கம்பி போடலாமே என்று கேட்பீர்கள். கட்டடம் இடிபடப் போகிறது, இனி யாரும் எதுவும் மாட்டக்கூடாது என்று குடியிருப்புச் சொசைட்டி ஆணி அடிக்கக்கூட விடவில்லை. நாற்காலியை உள்ளே போட்டுப் பார்த்தேன். காற்று இல்லையென்றால் அது அவருக்கு வண்டி இல்லை, பிளாட்பாரம். உடனே வாசல் கதவுக்குப் போய்விட்டார்.

அடுத்து கணவரின் பழைய ஐபோன். அது கறார் பேர்வழி. பின்னணியில் ஒலி வேண்டும் என்று முன்கூட்டியே முறைப்படி அனுமதி வாங்கிய ஆப்பை மட்டும் விடும், மற்றதை மறைந்த கணமே ஊமையாக்கும். நான் முறைப்படியே போனேன், நாள் முழுக்க ஓடியது. அதற்கும் ஒரு நாள் வந்தது. நான் மீட்டிங்குக்காக ப்ளூடூத் ஹெட்செட்டைப் போட்டேன். எப்போதோ அதை அந்த ஐபோனோடு ஜோடி சேர்த்திருக்கிறேன் போலிருக்கிறது. மேனேஜர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நடுவே என் காதுக்குள், “அக்லா ஸ்டேஷன் சூனாபட்டி” என்று அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு வந்தது. வண்டி முழுவதும் என் காதில் ஓடியது. பால்கனியில் நிசப்தம். மீட்டிங்கில் எல்லாரும் பார்க்க நான் எழுந்து ஓடினேன்.

கடைசியில்தான் இந்த லேப்டாப். அப்போது அதில் விண்டோஸ். அதன் சுபாவம் வேறு. யார் யார் பேசினாலும் எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக விடும். போன்களைப் போல ஒருவர் பேசினால் மற்றவர் அடங்க வேண்டும் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மூடினால் தூங்கும். கை பட்டுப் பட்டு மூடிக்கொள்ளும் அளவுக்கு அதன் கீல் தளர்ந்திருந்ததால்தான் கிளிப். சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. ஒரு மழை நாள், நான் சமையலறையில் துவையலுக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்தினேன். வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று அணைந்து எழுந்துகொண்டிருந்தது. நான் போவதற்குள் மாமனார் நாற்காலி மேல் ஏறி, ஒரு காலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டாகிவிட்டது. பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கை வழுக்கியது. அவர் கோபப்படவில்லை. “தள்ளாதே, எறங்கிண்டுதானே இருக்கேன். எல்லாரும் எறங்கியாச்சு” என்றார். அவரை உள்ளே இழுத்து இருவருமாகத் தரையில் விழுந்தோம். வெகுநேரம் நான் அந்தப் பெல்ட்டை விடவில்லை.

அன்றே லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். ஆபீஸ் சோதனைக்காகப் பழகியதுதான். அதில் என்ன வேண்டும் என்று நாம் எழுதி வைத்தால் அது அப்படியே நிற்கும், நமக்கு நல்லது என்று தானாக எதையும் செய்யாது. தானாகப் புதுப்பிக்காதே என்று எழுதினேன். மூடினாலும் தூங்காதே என்று எழுதினேன். எழுதியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, கிளிப்பை அப்படியே விட்டுவைத்தேன். அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. காலையில் தட்டிவிட்டால் விளக்கு வைக்கும் வரை ஓடியது. இனிக் கவலையில்லை என்று கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாள் போகப் போக மாமனார் மெலிந்தார். டப்பாவைத் திறக்கமாட்டார். வண்டியில் யார் சாப்பிடுவார்கள், ஆபீசில்தானே சாப்பிடுவது. நான் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பை ஒடுக்கிக்கொண்டு நாற்காலியில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டார். “உக்காருங்கோ. நாலாவது சீட் இருக்கு” என்றார். மூன்று பேர் பெஞ்சியில் ஓரமாகத் தொற்றிக்கொள்ளும் நாலாவது ஆளுக்கு இந்த ஊர் ரயிலில் கொடுக்கும் இடம் அது. நானும் அந்த விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் மெல்லிய குரலில் பேசினார்.

“நான் ஏறி ரொம்ப நாழியாச்சு, கேட்டேளா. குர்லா வரது, போறது, மறுபடி குர்லாவாக்கும் வரது. எறங்கவே விடமாட்டேங்கறான்.”

“யாரு?” என்றேன்.

“யார் கண்டா. மோட்டார்மேனா இருக்கும்.” பையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “உங்களுக்கும் எறங்கணுமோல்லியோ?”

லேப்டாப் பாட்டுக்குக் காட்டன் கிரீன் என்றது.

கணவர் வேண்டாம் என்றார். இத்தனை நாள் கழித்து வம்பை விலைக்கு வாங்காதே என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெட்டாத முழுப் பதிவைப் போட்டேன். டாக்யார்ட் ரோடு வந்தது. அதைத் தாண்டி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்று அறிவிப்பு வந்தபோது மாமனார் தலையை நிமிர்த்தினார். மஸ்ஜித்தில் எழுந்தார். சீப்பை எடுத்துத் தலை வாரினார். வாசல் கதவுக்குப் போய், முன்னால் நிற்கும் ஆளிடம் கேட்பது போலக் கதவிடம், “உதர்னா ஹை?” என்று கேட்டார். இறங்கணுமா என்கிறார். நான் பூட்டைத் திறந்தேன். படிக் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் இறங்க, சேலையை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நான் இறங்கினேன். கேட்டருகே வாட்ச்மேனின் மேசையும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. மாமனார் கைக்குட்டையால் ஒரு நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். பையை மேசை மேல் வைத்தார். பெருமூச்சு விட்டார். நான் அங்கேயே தயங்கி நிற்பதைப் பார்த்து, “நீங்க போங்கோ. உங்களுக்கு லேட் மார்க் விழும்” என்றார்.

நான் பம்ப் ரூம் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். போக எனக்கு இடம் இல்லை. மத்தியானம் அவரே டப்பாவைத் திறந்து, தயிர் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வாட்ச்மேனுக்கு ஒரு வடு மாங்காய் கொடுத்தார். வெயில் சாய்ந்ததும் எழுந்தார். ஓடப்போகிறார் என்று நான் முன்னால் வந்தேன். அவர் என்னைப் பார்த்தார், இந்தத் தடவை தெரிந்துகொண்டார். “ஆபீஸ் விட்டாச்சு. ஆத்துக்குப் போலாமா?” என்றார். அத்தனை மாதத்தில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டது அன்றுதான். போய்ச் சேராதவருக்குத் திரும்பி வருகிற யோசனை எப்படி வரும் என்று எனக்குத்தான் உறைக்காமல் போயிருக்கிறது. படியேறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் வண்டி வி.டி. போய்ச் சேர்ந்தது. கேட்டில் ஆபீஸ், வாட்ச்மேன் சக ஊழியர். எனக்குக் காலைப் பொழுது கிடைத்தது. கிங்ஸ் சர்க்கிள் போகலாம் என்று பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவேன். அவர் கேட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்தும், வீட்டில் சத்தம் நின்றிருக்குமோ என்று அங்கே தோன்றும், திரும்பிவிடுவேன். அவர் அடுத்த மழைக்கு முன்பே, காய்ச்சலில் இரண்டொரு நாள் படுத்து, ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த முகத்தோடு போய்ச் சேர்ந்தார்.

கம்பெனியில் எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மாமனாரை உத்தேசித்து வீட்டிலிருந்தே பார்க்கச் சலுகை தந்திருந்தார்கள். இப்போது அது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். “இனிமே நீ போலாமே, யார் தடுக்கறா?” என்று கணவர் கேட்கிறார். பார்க்கலாம் என்கிறேன். கட்டடத்தைக் காலி செய்ய நோட்டீஸ் வந்துவிட்டது, சாமான்களைக் கழிக்க வேண்டும். போன வாரம் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து இந்த லேப்டாப்பை மடியில் எடுத்தேன். உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். ரயில் ஓடியது. ஓடியது வெட்டி ஒட்டிய பழைய பதிவு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று கிளிப்பைக் கழற்றி மூடியை அழுத்தி மூடினேன்.

சத்தம் நிற்கவில்லை. மூடினாலும் தூங்காதே என்று எழுதி வைத்தவள் நான்தானே. மூடிய லேப்டாப்புக்குள் ரே ரோடு வந்தது, டாக்யார்ட் ரோடு வந்தது, மறுபடி குர்லா வந்தது. திறந்து, பக்கத்திலேயே இருக்கும் முழுப் பதிவைத் தட்டினால் வி.டி. போய்விடலாம். கை போகவில்லை. உங்களுக்கும் எறங்கணுமோல்லியோ என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. கிளிப்பை மறுபடி எடுத்து அதன் பழைய இடத்திலேயே மாட்டினேன். வண்டி சூனாபட்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன்.